உப்புப் பார்க்காத ஆணம்

நோன்பு மாதத்தில் பகலில் தண்ணீர் குடிப்பதென்றால் நஸ்ரியாவுக்கு அது களவு செய்கிற மாதிரி. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் பழகியிருந்தாள். நோன்பு பிடிக்க ஏலாத நாட்களில் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, செம்புச் சத்தம் கேட்காமல், சுவரைப் பார்த்து நின்று குடிக்க வேண்டும். "வாப்பாட கண்ணில படப்படாது" என்று உம்மா ஒரு தரம்தான் சொன்னாள். ஏன் என்று நஸ்ரியா கேட்கவில்லை. கேட்பது அதைவிட வெட்கம்.

இப்போது ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்து, வந்து படுத்திருக்கிறாள் என்பது கிண்ணியாவில் பாதிப் பேருக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்கு நோன்பில்லை என்பது ஓதப் போகிற சின்னஞ்சிறுசுகளுக்கும் தெரியும். ஆனால் பழகின வெட்கம் சட்டதிட்டம் பார்த்தா வருகிறது? திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வாப்பா ஆதம்பாவா உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் நாக்கு வறண்டு இருக்கையில் இவள் இங்கே மடக்கு மடக்கென்று குடிப்பாளா? தண்ணீர்ப் போத்தல் தலைமாட்டிலேயே இருந்தது. மூடியைத் திருகினால் நறுக்கென்று சத்தம் வரும். அதற்காகவே அவள் அதைத் தொடவில்லை.

வீட்டில் வாப்பாவும் மகளும், அஸ்ஹான் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளையும்தான். உம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள். பேறுக்கு வந்துவிடுவேன் என்றுதான் சொல்லியிருந்தாள். நோன்பு மாதம் முழுக்க விருந்தாளி என்று அந்த வீட்டுக்காரி கடவுச்சீட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். கணவன் றிஸ்கான் பலநாள் போட்டில் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். இங்கே அவசரமாக வயிற்றை வெட்ட முடிவெடுத்தபோது போட் எந்தத் திக்கில் நின்றது என்று அதன் முதலாளிக்கே தெரியாது. தகப்பனாகிவிட்ட சேதிகூட அவனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இருந்தவரை பரவாயில்லை. நேரம் தவறாமல் ஒரு தாதி வருவாள். குளிசையைக் கையில் வைத்து, தண்ணீரை நீட்டி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் கட்டிலடியை விட்டு நகருவாள். சிரிப்பதில்லை, கதைப்பதுமில்லை. ஆனாலும் அந்த மனுசியை நஸ்ரியாவுக்குப் பிடித்துப்போயிற்று. நோவு இருந்தது, எழும்பி நடக்க விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு வகைக் குளிசை கொடுத்தார்கள். ஒன்று ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். மற்றது சாப்பிட்ட வயிற்றோடு. பிறை கண்ட மாலையில் அவள் வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் நோன்பு தொடங்கிவிட்டது.

வீட்டின் நேரம் வேறு. விடியுமுன் சஹருக்கு ஊர் சாப்பிடும்போது அவளும் சாப்பிட்டுக் குளிசையைப் போட்டாள். பொழுதுபட்டு மஹ்ரிபுக்கு ஊர் நோன்பு திறக்கும்போது கஞ்சியைக் குடித்துவிட்டு மறுபடி போட்டாள். நடுவில் ஒரு முழுப் பகல். நோன்பில்லாதவள் குளிசைக்கு நோன்பு பிடித்துக்கொண்டிருந்தாள்.

சஹருக்குப் போட்டது, வெயில் கிணற்றடிக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு தையல் போட்ட இடம் எரியத் தொடங்கும். அதற்கும் உள்ளே ஏதோ கொழுவி இழுக்கும். இருமப் பயம், தும்மப் பயம், சிரிக்கப் பயம். சிரிக்க ஒன்றும் நடக்காததால் அந்த மட்டுக்குத் தப்பினாள். பிள்ளை அழுதால் தூக்க வேண்டும், தூக்க எழும்ப வேண்டும், எழும்ப ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடித்து எழும்பி மூச்சு வாங்கி முடிவதற்குள் பிள்ளை அழுது களைத்துத் தூங்கிப்போகும். அதன் வாயைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருக்கும்.

ஆதம்பாவா கெட்ட மனிதரில்லை. ஒரு பேச்சுக்கும் போகாத, கூச்சம் பிடித்த மனிதர். மற்ற மாதங்களில் தம்பலகாமக் குடாவில் இறால் வலை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி. ஊருக்கே ஒரு பெரிய கிடாரம், அதில் அரிசியும் இறைச்சியும் உள்ளியும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும். முறிந்த தோணித் துடுப்பொன்றைச் சீவி எடுத்து வைத்திருந்தார், அதுதான் அவருடைய அகப்பை. அதைக் கையிலெடுத்தால் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் அடி பிடிக்க விடமாட்டார்.

அதற்கு முன், விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து மகளுக்கென்று தனியாகச் சமைப்பார். பால் சுரக்குமென்று பால்சுறா வாங்கிவந்து உள்ளி போட்டுக் குழம்பாக ஆணம் காய்ச்சுவார், முருங்கைக்கீரை சுண்டுவார். நோன்போடு சமைப்பதால் உப்புப் பார்க்கமாட்டார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம், குற்றமில்லை என்று மௌலவி சொன்னாலும் அவர் கேட்கமாட்டார். கைக்கணக்குத்தான். சமைத்து, பீங்கானில் போட்டு மூடி, திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் வைத்துவிட்டுச் செருமுவார். அந்தச் செருமலுக்கு அர்த்தம், சாப்பாடு வைத்தாயிற்று, நான் பார்க்கவில்லை என்பது. பிறகு நடுப்பகல் லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். வந்ததும் திரைக்கு வெளியே நின்று கேட்பார்.

"திண்டியா மகள்?"

"ஓம் வாப்பா."

"உப்பு எப்படி?"

"சரியா இருந்த வாப்பா."

அவ்வளவுதான் அவர்கள் கதை. வெறும் பீங்கானைப் பார்த்து அவருக்கு மனம் நிறைந்துவிடும்.

பீங்கான் வெறுமையாவதுதான் கூத்து. வாப்பா வீட்டில் இருக்கும்வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள். மெல்லுகிற சத்தம் அவருக்குக் கேட்குமே. அவர் போனபிறகு சாப்பிடலாம்தான். அதற்குள் நோவு ஏறிவிடும், சோறும் ஆறிவிடும், வாயில் வைத்தால் குமட்டும். விடாமல் மாமிமார் வேறு வந்துவிடுவார்கள். சாப்பிடாத வயிற்றில் குளிசை போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதனால் எந்தக் குளிசையுமில்லை. நிறைந்த பீங்கானை வாப்பா கண்டால் ஏன் தின்னவில்லை என்று கேட்பார். நோகுது என்று சொன்னால் எங்கே என்று கேட்பார். வாப்பாவிடம் சொல்கிற இடமா அது? ஆகவே ஜன்னலால் கொட்டிவிடுவாள். கீழே கோழிகள் நின்றன. ஆதம்பாவாவின் பால்சுறா ஆணத்தை அந்தக் கோழிகள்தான் உப்புப் பார்த்தன.

மாமிமார் என்றால் முக்கியமாக றாவியா மாமி, வாப்பாவின் தங்கச்சி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, சீலை துவைப்பது, பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்தை இடித்து உருண்டையாக்கிக் கொண்டுவருவது எல்லாம் அவள்தான். அவள் இல்லாவிட்டால் இந்த வீடு ஒரு நாளும் ஓடியிருக்காது. வாய்தான் சும்மா கிடக்காது.

"இந்தக் காலத்துப் புள்ளயளுக்கு நல்ல சுகம். முதுகில ஒரு ஊசி, கண்ண மூடித் திறந்தா கையில புள்ள. நாங்க அப்பிடியா? என்ட கடைசிப் பொடியனுக்கு நான் கெடந்து துடிச்ச துடிப்ப உன்ட வாப்பாட்டக் கேட்டுப்பாரு. ரோட்டு மட்டும் கேட்ட என்ட சத்தம்."

"ஓம் மாமி."

"நீ நோவே தெரியாமப் பெத்தவள்."

"ஓம் மாமி" என்றாள் நஸ்ரியா. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளிறிப்போயிருந்தது.

"உதென்ன தலையணிக்குக் கீழ?"

"குளிசை மாமி. நோவுக்கு."

"உன்ட நோவுக்கு நீ குடிச்சா அது பாலுக்குள்ளதான போகும். பச்சப் புள்ள மயங்கிக் கெடக்கும். தாங்கிக்கொள்ளு புள்ள. நாங்கெல்லாம் தாங்கல்லியா?"

மாமி கெட்டதுக்குச் சொல்லவில்லை. தான் பட்டதை யாரும் ஒரு நாளும் கேட்கவில்லை என்ற கோபம் அவளுக்கு. அதை இவளிடம் தீர்த்துக்கொள்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. தலைமாட்டில் போன் மினுங்கியது. குவைத்திலிருந்து உம்மாவின் குரற்பதிவு வந்திருந்தது. பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம். "மகள், நோ குறைஞ்சா? குளிசை குடிக்கியா? மறைக்காமச் சொல்லு." மாமி பக்கத்தில் இருந்தாள். நஸ்ரியா போனை வாயருகே பிடித்து, "நோவில்ல உம்மா. நல்லா இருக்கன்" என்று சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவிச்சி வந்தாள். றொஷானி மிஸ், திருகோணமலை டவுனில் மாதா கோயிலடிப் பக்கம். ஸ்கூட்டரை வேலியோடு சாத்திவிட்டு, தராசையும் துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெயில் அவள் முகத்தைச் சிவப்பாக்கியிருந்தது. மாமி பழக்கதோஷத்தில் கதிரையைத் துடைத்துப் போட்டு, குடிக்க ஒன்றும் தர ஏலாதே என்றாள்.

"பரவாயில்ல உம்மா. எனக்கும் இப்ப தவக்காலந்தான்."

பிள்ளையைத் துணியில் போட்டுத் தராசில் தூக்கினாள். முள்ளைப் பார்த்தாள். இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"நிறை ஏறல்ல நஸ்ரியா. ஆஸ்பத்திரியில எழுதினத விடக் குறைஞ்சிருக்கு. பிறந்த புதுசில கொஞ்சம் குறையும், பிறகு ஏற வேணும். பால் குடிக்கிறாரா?"

"குடிக்கிறார் மிஸ்."

"நோ இருக்கா?"

நஸ்ரியா மாமியைப் பார்த்தாள். "இல்ல மிஸ்."

"அப்ப ஏன் கம்பிய இந்தப் பிடி பிடிச்சிருக்கிறீங்க?"

நஸ்ரியா கையை எடுத்துக்கொண்டாள்.

"குளிசை குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறன் மிஸ்." பொய்யில்லை, பாதி உண்மை.

"இஞ்ச பாருங்க, நோ வரட்டும் எண்டு காத்திருந்து குடிக்கிற குளிசையில்ல இது. நோ ஏற முன்னம், நேரத்துக்கு நேரம் குடிக்கிறது. தந்ததுக்கு மேலயும் வேணாம், குறையவும் வேணாம். தாய் நோவில கிடந்தா புள்ளயத் தூக்க ஏலாது, பாலும் இறங்காது."

"பாலுக்குள்ள போகாதா மிஸ்?" என்று மாமி இடையில் கேட்டாள்.

"பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது உம்மா. பால் குடுக்கிற தாய்க்கு எண்டு பாத்துத்தான் தந்தது."

"அப்ப நாங்கெல்லாம் என்ன குளிசையைக் குடிச்சிட்டா பெத்த?"

"நீங்க பட்டிருப்பீங்க. எனக்கு விளங்குது" என்றாள் மிஸ் மெதுவாக. மாமி பிள்ளையின் துணியை எடுத்து மடித்தாள். நஸ்ரியா பக்கம் திரும்பி மிஸ் சொன்னாள். "திங்கக்கிழமை திரும்ப வருவன். அப்பவும் நிறை ஏறாட்டி, உங்களையும் பிள்ளையையும் வார்டுக்கு அனுப்பத்தான் வேணும்."

வார்டு என்றதும் நஸ்ரியா பிள்ளையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். யார் கூட நிற்பது? பெண்கள் வார்டில் வாப்பா நிற்க ஏலாது, மாமிக்கு அவளுடைய வீடு. பிள்ளையை எடுத்து வேறு அறையில் வைத்து யாரோ போத்தலில் பால்மா பருக்குவார்கள். அவளுக்கென்று இந்தக் கணத்தில் உலகத்தில் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதுவும் அவள் கையில் மெலிந்துகொண்டு வந்தது.

முற்றத்தில் மிஸ் வாப்பாவை 'நானா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு மறித்துக் கதைப்பது ஜன்னலால் கேட்டது.

"நானா, மகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கிறீங்களா?"

"குடுக்கிறன் மிஸ். பால்சுறாதான் குடுக்கிறன். ஒரு சோறு மிச்சமில்லாம பீங்கான் வெறுமையாத்தான் வருது."

"அப்ப திண்டதெல்லாம் எங்க போகுது?"

வாப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஸ்கூட்டர் கிளம்பிப் போனது.

சனிக்கிழமை அவள் சாப்பிடுவதென்றே முடிவெடுத்தாள். வாப்பா பள்ளிவாசலுக்குப் போனதும், பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி, பீங்கானை மடியில் வைத்து ஒரு கவளத்தை வாயில் போட்டாள். அவசரத்தில் ஒரு சோறு மூச்சுக்குழலில் ஏறிவிட்டது. இருமினாள். வயிறு திறந்துவிட்டது என்றே நினைத்தாள். கத்தக்கூட மூச்சு வரவில்லை. கண்ணீரும் சோறும் ஒன்றாக மடியில் விழுந்தன. இருமல் அடங்கியபோது உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. இனி ஏலாது. ஜன்னல் கம்பியைப் பிடித்து எழும்பி மிச்சத்தைக் கொட்டினாள். கோழிகள் முதலே வந்து நின்றன. இந்த நேரத்தில் இந்த ஜன்னலடியில் சோறு விழும் என்று அவை பாடமாக்கி வைத்திருந்தன.

நிமிர்ந்தபோது கிணற்றடி றம்பைப் பற்றைக்குப் பக்கத்தில் வாப்பா நின்றார். கஞ்சிக்கு வாசம் போட றம்பை இலை வெட்டத் திரும்பி வந்திருக்கிறார். ஒரு கையில் கத்தி, மற்றக் கையில் இலை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அவள் உள்ளே சரிந்து படுத்துக்கொண்டாள். அவர் பார்த்தாரா இல்லையா என்று யோசித்து யோசித்து அந்தப் பகல் கழிந்தது.

பின்னேரம் மாமி கஞ்சியோடு வந்தாள். "உன்ட வாப்பாக்கு இண்டைக்கு என்ன பிடிச்ச? கஞ்சி அடிப்பிடிச்சிட்டு. ஊரெல்லாம் அந்தக் கதைதான். இவ்வளவு காலத்தில ஒரு நாளும் இப்பிடி நடக்கல்ல." கோப்பையில் கருகல் மணம் அடித்தது.

மாமி போய், நோன்பும் திறந்தபிறகு வாப்பா திரைக்கு வெளியே வந்து நின்றார். அவருடைய கால்விரல்கள் திரைக்குக் கீழே தெரிந்தன.

"திண்டியா மகள்?"

"ஓம் வாப்பா."

"உப்பு எப்படி?"

அவள் விழுங்கியிருந்தால்தானே உப்புத் தெரியும். பழகின பதில் தானாக வந்தது. "சரியா இருந்த வாப்பா."

விரல்கள் அசையவில்லை. "இண்டைக்கு நான் உப்பே போடல்ல மகள்" என்றார். கோபமில்லை. சொல்லிவிட்டு இரவுத் தறாவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார்.

உம்மா போனபோது, றிஸ்கான் கடலுக்குப் போனபோது, மயக்க ஊசி போட்டு அவளைத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட இவ்வளவு தனிமையாக இருக்கவில்லை. இருந்த ஒரே ஆளிடமும் பொய் சொல்லிப் பிடிபட்டாயிற்று. அஸ்ஹான் பால் வராத மார்பை விட்டுவிட்டு அவள் சட்டையைச் சப்பிக்கொண்டு கிடந்தான். அவள் அழுதாள், அதுவும் வயிறு குலுங்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதிரையில் பீங்கான் இல்லை. செருமல் இல்லை. வலை ஓரமாகச் சுருண்டு கிடந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். நாளை திங்கள். வெயில் கிணற்றடிக்கு வந்தது, நோவும் தன் நேரத்துக்கு வந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள்.

பள்ளிவாசலில் லுஹருக்கு வாங்கு சொல்லி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் புகை மணத்தது. நோன்பு மாதத்தில் அந்த நேரத்தில் ஊரில் எந்த வீட்டிலும் புகை எழும்பாது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமி தன் அண்ணனைக் கூப்பிடுகிற குரல் வந்தது.

"காக்கா, அடுப்பெரியுதா? என்ன காக்கா இந்த நேரத்தில?"

"ஓம், நாந்தான் மூட்டின."

"றோட்டால போற சனம் என்ன நினைக்கும் காக்கா?"

"என்ட மகள் பசியில கெடக்காள்" என்றார் வாப்பா. ஊருக்கே கேட்கிற குரல். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது நஸ்ரியாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரை விலகியது. செருமாமல் உள்ளே வந்தார். ஒரு கையில் ஆவி பறக்கிற பீங்கான், மற்றக் கையில் தண்ணீர், கக்கத்தில் சுருட்டின தலையணை. கதிரையைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

"எழும்பு மகள்."

"வாப்பா, நீங்க நோன்போட..."

"என்ட நோன்பு என்டது. நீ தின்னு."

"வைங்க வாப்பா. நான் பிறகு திங்கன்."

"பிறகு கோழி திங்கும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் தலையணையை நீட்டினார். "மிஸ்ஸுக்குப் போன்ல கோல் எடுத்தனான். இத வயித்தோட சேத்து அணைச்சுப் பிடிக்கட்டாம். இருமினாலும் அவ்வளவா இழுக்காதாம்." வயிறு என்ற சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டை அவள் பார்த்தாள். அந்த ஒரு கோல் எடுக்க விடிந்ததிலிருந்து எத்தனை தரம் போனை எடுத்து வைத்திருப்பாரோ.

"நான் வெளியில நிண்டா நீ கூச்சமில்லாமத் திம்பாயெண்டு நினைச்சன் மகள்" என்றார் நிலத்தைப் பார்த்து.

"நீங்க அங்க பட்டினியா இருக்கிறீங்க எண்டுதான் வாப்பா நான் தின்னல்ல."

ஒருவருக்கொருவர் செய்த மரியாதையில் மெலிந்துபோனது நடுவில் கிடந்த பிள்ளை.

அவள் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கவளம் வைத்தாள். வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மென்றாள். அந்தச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. விழுங்கினாள். வானம் இடிந்து விழவில்லை.

"உப்பு எப்படி?"

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, "கூட வாப்பா. நல்லாக் கூட" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்ததும் வயிறு இழுத்தது, தலையணையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டாள், உப்புக் கூடின ஆணத்தை வழித்து வழித்து.

தலையணைக்குக் கீழே கையை விட்டு அவரே குளிசை அட்டைகளை எடுத்தார். அவற்றில் எவ்வளவு மிஞ்சிக் கிடந்தது என்று பார்த்தார். இரண்டு வகையையும் மிஸ் சொன்ன அளவுக்குப் பிதுக்கி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரை நீட்டினார். நோன்பு பிடித்த தகப்பனின் முகத்துக்கு முன்னால், நடுப்பகலில், அவள் கோப்பைத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை அவர் அந்தத் தாதியைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ இருக்கா மகள்?"

உம்மா கேட்டாள், மிஸ் கேட்டாள். இரண்டு பேருக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தாள்.

"நோகுது வாப்பா" என்றாள். சொன்னதும் அழுகை பொங்கியது. "பொறுக்க ஏலாம நோகுது. ஒவ்வொரு நாளும் நோகுது."

அவரிடம் அதற்கு மருந்து ஒன்றுமில்லை. "ஓம் மகள்" என்றார். "நோகும்தான்."

அஸ்ஹான் சிணுங்கினான். வாப்பா பழக்கமில்லாத கைகளால் அவனைத் தூக்கி அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"கஞ்சிக்கு நேரம் போகுது வாப்பா."

"பள்ளியில என்னோட நிக்கிற முனாப் கிண்டுவான். துடுப்ப அவன்ட கையில குடுத்திட்டுத்தான் வந்தனான். குளிசை நோவுக்குக் கேக்குமட்டும் இருக்கன்."

பிள்ளை தேடித் தேடிப் பிடித்துக்கொண்டது. பள்ளிவாசல் பக்கமிருந்து கஞ்சி மணம் வரத் தொடங்கியும் அவர் எழும்பவில்லை, வெறும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஜன்னலுக்குக் கீழே கோழிகள் கொஞ்ச நேரம் கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒவ்வொன்றாகக் கலைந்து போயின.